கஞ்சாவை விடுவதற்கான வைத்தியம்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எங்கே போவது, போனால் என்ன நடக்கும்

"தம்பிய எங்கயாவது ஒரு இடத்தில ஆறு மாசத்துக்குக் கொண்டு போய் விடணும். எங்க விடுறது?"

கஞ்சா விசயமாக உதவி தேடும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியோடுதான் வருவார்கள். கேட்பது தாயாகவோ அக்காவாகவோ இருக்கும். உரியவர் வீட்டில் படுத்திருப்பார். விடுகிற இடத்தைத் தேடியே மாதங்கள் கழியும். நடுவில் யாரோ ஒருவர், நீதிமன்றக் கட்டளையில் ஆட்களை அனுப்பும் புனர்வாழ்வு இடமான கந்தக்காட்டின் பெயரை எடுப்பார். அதைக் கேட்டதும் பையன் இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரமாட்டான். கதை அதோடு முடிந்துபோகும்.

கஞ்சாவுக்கு மட்டும் அடிமையான பெரும்பாலானோருக்கு அப்படிப் போய்த் தங்கும் இடமே தேவைப்படுவதில்லை. பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குச் சில மாதங்கள் ஒழுங்காகப் போய்வந்தால், அதுதான் வைத்தியம். சீனி வருத்தக்காரர் கொப்பியோடு கிளினிக் போகிற மாதிரி. காசு இல்லை. அந்தப் பாதையை எங்கே தொடங்குவது, வழியில் என்னென்ன வரும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், இது வைத்தியம் தேவைப்படும் நிலைதானா?

கஞ்சாவைத் தொட்ட எல்லாரும் அடிமையாவதில்லை. ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அந்த நிலை வருகிறது, பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவருக்கு. ஆகவே "மூலிகைதானே மச்சான், இதுக்கு யார் அடிமையாவான்" என்கிற கூட்டாளியின் கணக்கும் பிழை, "ஒரு இழுப்போட வாழ்க்கை போச்சு" என்கிற மாமாவின் கணக்கும் பிழை.

உலக சுகாதார அமைப்பின் பத்தாவது நோய் வகைப்பாடு ஆறு அடையாளங்களைச் சொல்கிறது. கடந்த ஒரு வருடத்துக்குள் அவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்து இருந்தால் அது அடிமைநிலை. வைத்தியர் கேட்கப்போகும் கேள்விகளும் இவற்றை ஒட்டியே இருக்கும் என்பதால் நம் ஊர்க் கதையில் சொல்கிறேன். பின்னேரமானால் வேறெதுவும் ஓடாமல் அந்த நினைப்பே வருகிறதா? இன்றைக்கு ஒன்றுதான் என்று தொடங்கி மூன்று நான்கில் முடிகிறதா? கிடைக்காத நாளில் எரிச்சல், நித்திரையின்மை, சாப்பாட்டில் வெறுப்பு வருகிறதா? முன்பு ஒரு சுருளில் வந்த போதைக்கு இப்போது மூன்று வேண்டியிருக்கிறதா? கிரிக்கெட், வகுப்பு, பள்ளிவாசல், கோயில் என்று முன்பு போன இடங்கள் ஒவ்வொன்றாக விடுபட்டுவிட்டனவா? இதனால் வேலை போயிற்று, நெஞ்சுச் சளி விடுகுதில்லை, மனிசி தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தும் விடமுடியவில்லையா?

பெற்றோர் இதைத் தாங்களே நிரப்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பிள்ளையின் பதிலும் உங்களுடைய பதிலும் எங்கே வேறுபடுகின்றன என்பதே வைத்தியருக்கு ஒரு தகவல்.

கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக்கூடாத நிலைகள்

யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பதாகச் சொன்னால், வீட்டாரே சாப்பாட்டில் எதையோ கலப்பதாகச் சந்தேகப்பட்டால், நாட்கணக்கில் நித்திரை இல்லாமல் அலைந்தால், சாகப்போவதாகக் கதைத்தால், கையில் ஆயுதம் எடுத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

இந்த இடத்தில்தான் நம் பகுதியில் நிறையக் காலம் வீணாகிறது. குரல் கேட்கிறது என்றதும் பேய் பார்ப்பவரிடம் போவார்கள், நூல் கட்டுவார்கள், தகடு எழுதுவார்கள், ஓதிய தண்ணீர் கொடுப்பார்கள். நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நூலைக் கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போகலாம், அங்கே யாரும் அதை அறுக்கச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கஞ்சாவோடு வரும் மனக்குழப்பத்துக்கு மருந்து எவ்வளவு முந்திக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. நூலின் பலனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மூன்று மாதம் இருக்கக்கூடாது.

இன்னும் இரண்டு உண்டு. வருடக்கணக்கில் தினமும் கஞ்சா குடிப்பவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தியும் வயிற்று வலியும் வந்து, சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் குறைகிறது என்றால் அது கஞ்சாவாலேயே வருகிற வாந்தி நோயாக இருக்கலாம். மட்டக்களப்பு வெயிலில் ஒருவன் நாளுக்கு நான்கு தரம் சுடுதண்ணீர் கேட்கிறான் என்றால் யோசியுங்கள். வயிற்று வைத்தியத்துக்குப் போனாலும் கஞ்சாவைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று சுற்ற வேண்டிவரும். மற்றது, தினமும் சாராயமும் குடிப்பவர், அல்லது நித்திரைக் குளிசையை நெடுநாள் போட்டு வருபவர். அவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. கஞ்சாவைத் திடீரென விட்டால் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. சாராயத்தையும் நித்திரைக் குளிசையையும் திடீரென விட்டால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அப்படிப்பட்டவர் முதலில் வைத்தியரைக் கண்டு, பிறகு நிறுத்த வேண்டும்.

வர மறுப்பவரை எப்படிக் கூட்டிப்போவது

போதையில் இருக்கும்போது கதைக்காதீர்கள். காசு கேட்டுச் சண்டை நடக்கும் இரவிலும் வேண்டாம். காலையில், சாப்பிட்ட பிறகு, ஒருவர் மட்டும் கதையுங்கள். அந்த ஒருவர் தகப்பனாக இருக்க வேண்டும் என்றில்லை. நம் வீடுகளில் பல பையன்கள் வாப்பாவுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டார்கள், மூத்த மச்சானிடம் எல்லாம் சொல்வார்கள். தாய் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்கிறவராக இருந்தால் அவரை வீடியோ அழைப்பில் எடுத்து அழவைப்பதைத் தவிருங்கள். அவர் அழுதால் பையன் வருவதாகச் சத்தியம் செய்வான். வரமாட்டான்.

கஞ்சாவைப் பற்றித் தொடங்காமல் அவருக்கே தொல்லையாக இருப்பதைப் பற்றித் தொடங்கினால் கதவு திறக்கும். பெரும்பாலும் அது நித்திரை.

"மனே, ராவில நித்திரை இல்லாம நடந்து திரியிற. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவமா?"

"நான் ஒண்டும் பைத்தியம் இல்ல."

"நானும் சொல்லல்ல மனே. நித்திரைக்குத்தான். நானும் கூட வாறன்."

இது ஏமாற்று இல்லை. நித்திரையின்மையும் அவருடைய நோயின் ஒரு பகுதிதான். ஆனால் பல்லுக்குக் காட்டுவதாகச் சொல்லி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவது ஏமாற்று. அடுத்த தடவை பல்வலி வந்தாலும் உங்களோடு வரமாட்டார்.

மறுத்தால் விட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். அதற்கிடையில் வீட்டார் மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம். பிரதேச செயலகங்களில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர்களைக் காணலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற எண் இதற்கென்றே உள்ளது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம். அழைத்ததும் "தமிழில் கதைக்க வேணும்" என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி

மட்டக்களப்பு மாவட்டத்தில் பெரிய இடம் நகரத்துப் போதனா வைத்தியசாலை. அங்கே மனநலப் பிரிவு உண்டு. கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் பயிலும் இடமும் அதுதான். வடக்கே வாழைச்சேனை, ஏறாவூர், தெற்கே காத்தான்குடி, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைகள். அம்பாறைக் கரையோரத்தில் கல்முனையிலேயே இரண்டு இருக்கின்றன: அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும். அதற்குக் கீழே சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். உள்நாட்டுப் பக்கம் அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை.

எல்லா இடத்திலும் ஆலோசக மனநல வைத்தியர் நிரந்தரமாக இருக்கமாட்டார். சில இடங்களில் கிளினிக் நாளில் மட்டும் வருவார், மற்ற நாளில் மனநல மருத்துவ அதிகாரி பார்ப்பார். கஞ்சாவுக்கு அவரே போதுமானவர், தேவைப்பட்டால் மேலே அனுப்புவார். எந்தக் கிழமை கிளினிக், எத்தனை மணிக்கு இலக்கம் கொடுக்கிறார்கள் என்பதை முதல் நாளே வெளிநோயாளர் பிரிவில் விசாரித்து வையுங்கள். வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை என்று படுவான்கரையிலிருந்து வருபவருக்கு ஒரு தடவை வந்து திரும்புவதே ஒரு நாள் கூலி. பிழையான கிழமையில் வந்து திரும்பினால் மறுபடி வரமாட்டார். தூரத்தில் இருப்பவர்கள் தங்கள் பிரதேச வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ தொடங்கலாம். அங்கிருந்து ஒரு கடிதத்தோடு போனால் அலைச்சல் குறையும்.

ஊர் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரப் பெண் தாதியாக இருக்கிறாள், கண்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம் நம் பகுதியில் சும்மா இல்லை. காத்தான்குடிக்காரர் களுவாஞ்சிகுடிக்குப் போகட்டும், கல்முனைக்காரர் மட்டக்களப்புக்கு வரட்டும். எந்த ஆஸ்பத்திரிக்கும் போகத் தடை இல்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டு அதையே தொடருங்கள், அவ்வளவுதான். மாதத்துக்கொரு இடம் மாறினால் முதல் நாள் கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

மொழியையும் பாருங்கள். குளிசை எழுத இரண்டு சொல் போதும். கஞ்சாவுக்கான வைத்தியமோ முழுக்கக் கதைதான், அது தாய்மொழியில் நடக்க வேண்டும். அம்பாறை நகரத்துக்குப் போவதாக இருந்தால் தமிழில் உளவளத்துணை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சிங்களம் ஓரளவு தெரியும், சமாளிக்கலாம் என்பது இந்த வருத்தத்துக்குச் சரிவராது.

தனியார் சனலிங்கில் ஒரு தடவை காட்டுவதில் பிழையில்லை. சிலருக்கு அந்த மறைவு தேவை. ஆனால் பத்து நிமிடத்தில் மூன்று குளிசையோடு திரும்புவது வைத்தியத்தின் தொடக்கம் மட்டுமே.

போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை

வைத்தியருக்கு முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். ஆகவே பாவிப்பவரே எழுதட்டும்: எத்தனை வயதில் தொடங்கியது, நாளுக்கு எத்தனை சுருள், காலையில் முதலாவது எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது, வாரத்துக்கு எவ்வளவு காசு. ஊர்க் கஞ்சாவா கேரளக் கஞ்சாவா என்பதும் முக்கியம், வீரியம் ஒன்றுக்கொன்று வேறுபடும். புகையிலை கலந்து சுற்றுகிறாரா என்பது அதைவிட முக்கியம், காரணம் பிறகு வரும். மாவா (பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லுவது) போடுகிறாரா? கடையில் லேகியம் போல விற்கும் மதன மோதகம்? அதில் கஞ்சா இருக்கலாம் என்று தெரியாமல் தின்கிற பள்ளிப் பையன்கள் இருக்கிறார்கள். ஐஸ் (மெத்தாம்பெற்றமைன்), தூள் (ஹெரோயின்), வலிக் குளிசை, நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரெகபலின் குளிசை பாவித்திருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். அதைப் பொறுத்து வைத்தியமே மாறும். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்பதை வீட்டார் தனியாகச் சொல்லலாம்.

அடையாள அட்டையும் பழைய கிளினிக் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். சாமானைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கஞ்சா வைத்திருப்பது குற்றம். பாவிப்பதாக வைத்தியரிடம் சொல்வதற்காக ஒருவரைப் பொலிஸில் கொடுப்பது ஆஸ்பத்திரி வழக்கம் இல்லை. நோயாளி சொல்வதை வைத்தியர் இரகசியமாக வைக்க வேண்டும். ஒருவரின் உயிருக்கு ஆபத்து, நீதிமன்றக் கட்டளை போன்றவை விதிவிலக்கு. பயம் தீராவிட்டால் "நான் சொல்றது ஆருக்குத் தெரியும்?" என்று முதலில் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

முதல் நாள்

பெரும்பகுதி காத்திருப்புத்தான். பிறகு கேள்விகள்: பாவனை, நித்திரை, மனநிலை, குரல்கள், தற்கொலை எண்ணம், வீடு, வேலை, வழக்கு ஏதும் உண்டா. யுத்தத்திலும் சுனாமியிலும் ஆட்களைப் பறிகொடுத்த மாவட்டங்கள் இவை. அதைப் பற்றியும் கேட்கலாம். அந்த நாள் கனவில் வருகிறது, இழுத்தால்தான் வராமல் இருக்கிறது என்று சொல்லும் நாற்பது வயதுக்காரருக்கும், கூட்டாளிகளோடு பழகிய பதினெட்டு வயதுக்காரனுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. முதலாமவருக்குக் கஞ்சாவை மட்டும் நிறுத்தினால் அந்தக் கனவுகள் முழுவீச்சில் திரும்பலாம். ஆகவே அதை ஒளிக்காமல் சொல்வது பிறகு நிறைய மாதங்களை மிச்சம் பிடிக்கும்.

சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கலாம். நீண்ட காலம் தினமும் குடித்தவருக்கு, நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் முடிவு "உண்டு" என்று வரலாம். கஞ்சாவின் போதைப் பொருள் உடம்புக் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறுகிறது. இதை அறியாத வீட்டார் மூன்றாம் வாரத்து முடிவைப் பார்த்துவிட்டு "பொய் சொல்லிட்டாய்" என்று பாய்ந்து, ஒழுங்காக இருந்தவனைத் திரும்பவும் கூட்டாளியிடம் அனுப்பிவைப்பார்கள்.

நிறுத்தும் நாளும் முதல் இரண்டு வாரமும்

வைத்தியரோடு கதைத்து ஒரு நாளைக் குறியுங்கள். ஒரேயடியாகவும் விடலாம், இரண்டு மூன்று வாரத்தில் குறைத்தும் விடலாம். தினமும் பல சுருள் குடிப்பவருக்குக் குறைத்து வருவது சுலபம். காலை முதலாவதைத் தள்ளிப்போடுவதிலிருந்து தொடங்கலாம்.

நிறுத்தி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தொல்லை தொடங்கும். முதல் வாரத்துக்குள் உச்சத்துக்கு வந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை, தலையிடி, வயிற்று வலி, கை நடுக்கம் எல்லாம் வரலாம். நித்திரையும் கனவும் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலும் குழம்பியிருக்கலாம். கனவுகள் மிகத் தெளிவாக, சில வேளை பயங்கரமாக வரும். கனவிலேயே இழுத்துவிட்டு விழித்து, உண்மையாகவே இழுத்துவிட்டேனோ என்று திடுக்கிடுபவர்களும் உண்டு. இது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும்.

என் அனுபவத்தில் விடுபவர்கள் விழுவது பகலில் இல்லை, இரவு ஒரு மணிக்கு. எல்லாரும் படுத்துவிட்டார்கள், நித்திரை வரவில்லை, ஒரு சுருள் இருந்தால் பத்து நிமிடத்தில் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே முதல் இரண்டு வாரத்துத் திட்டம் முழுவதும் இரவைச் சுற்றி இருக்க வேண்டும். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். பகலில் படுக்க வேண்டாம். எத்தனை மணிக்கு நித்திரை போனாலும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். படுத்து அரை மணியாகியும் வரவில்லை என்றால் எழும்பித் திண்ணையில் இருக்கட்டும். போன் அறைக்கு வெளியே இருக்கட்டும், கூட்டாளியின் அழைப்பும் அதில்தான் வரும். வீட்டில் ஒருவர் முதல் நான்கைந்து இரவு கூட விழித்திருந்தால் பெரிய உதவி. கதைக்கவும் தேவையில்லை, இருந்தால் போதும்.

சாப்பாடு இறங்காது. ஒரு கோப்பைச் சோற்றை வைத்துக்கொண்டு "சாப்பிடு மனே சாப்பிடு" என்று நெருக்காமல், கஞ்சியோ சொதியும் சோறுமோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முதல் வாரத்தில் அவர் கத்துவதற்கெல்லாம் பதில் கத்தவேண்டாம். கல்யாணப் பேச்சு, காணிப் பிரச்சினை, பழைய கடன் எல்லாவற்றையும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள்.

புகையிலை கலந்து சுற்றியவர் நிக்கொட்டினுக்கும் அடிமை. கஞ்சாவை விட்டுவிட்டு சிகரெட்டை இரட்டிப்பாக்கினால் கையும் வாயும் பழைய பழக்கத்திலேயே நிற்கும், திரும்பப்போவது சுலபமாகும். இரண்டையும் சேர்த்து விடுவதா, ஒன்றன் பின் ஒன்றா என்பதை வைத்தியரோடு முடிவு செய்யுங்கள். சேர்த்து விடுபவருக்கு முதல் வாரம் கடினம். ஆனால் அந்தக் கடினம் ஒரு தடவையோடு முடிகிறது.

மருந்து? கஞ்சா ஆசையை நிறுத்தும் குளிசை என்று உறுதிப்படுத்தப்பட்ட ஒன்று இன்றுவரை உலகத்திலேயே இல்லை. வைத்தியர் நித்திரைக்கோ பதற்றத்துக்கோ சில நாளைக்கு ஏதாவது எழுதலாம். கூடவே மனச்சோர்வோ மனக்குழப்பமோ இருந்தால் அதற்கு வேறு மருந்து உண்டு. பார்மசியில் யாரோ சொன்ன குளிசையை வாங்கிப் போடாதீர்கள். கஞ்சாவை விடப்போய்ப் பிரெகபலினில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள், அதிலிருந்து வெளியே வருவது இன்னும் சிரமம்.

கதைப்பதுதான் வைத்தியம்

"போனன், சும்மா கதைச்சிட்டு விட்டாங்க" என்ற முறைப்பாடு அடிக்கடி வரும். அந்தக் கதையில் இரண்டு வேலை நடக்கிறது. முதலாவது, விடவேண்டும் என்ற எண்ணத்தை அவர் வாயாலேயே வரவைப்பது. உளவளத்துணையாளர் புத்தி சொல்லமாட்டார். கஞ்சாவால் உனக்கு என்ன நன்மை என்றுகூடக் கேட்பார், வெளியே இருக்கும் தாய்க்குக் கேட்டால் பதறிப்போவார். இரண்டாவது, எந்த இடம், எந்த ஆள், எந்த மனநிலை இழுக்கவைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த நேரத்துக்கு வேறு வேலையைப் பழக்குவது. வயலில் யானைக் காவலுக்கு இரவு வாடியில் படுப்பவர், கடலுக்குப் போய்வந்து கரைவாடியில் இருப்பவர், அறுகம்பைப் பருவத்தில் விடுதியில் வேலை செய்பவர் ஆகியோருக்கு இழுக்கும் நேரம் வேறுவேறு. அதைப் பொறுத்துத் திட்டமும் மாறும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு. 2004 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் கஞ்சாவுக்கு அடிமையான 450 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 9 அமர்வு, ஒன்றுக்கு 2 அமர்வு, ஒன்று காத்திருந்தது. 4 மாதம் முடிவில் முற்றாக விட்டிருந்தவர்கள் 9 அமர்வுப் பிரிவில் ஏறத்தாழ 23 சதவீதம், 2 அமர்வில் 9 சதவீதம், காத்திருந்தவர்களில் 4 சதவீதம். விடாதவர்களிலும் பலர் வெகுவாகக் குறைத்திருந்தார்கள். வீட்டார் இதை இரண்டு விதமாகவும் வாசிக்க வேண்டும். ஒரு சுற்றில் எல்லாரும் விட்டுவிடுவதில்லை, ஆகவே முதல் சுற்றில் விடாதவரைக் கைகழுவ வேண்டாம். இரண்டு தடவை போய் நின்றவரைவிட ஒன்பது தடவை போனவருக்கு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல், ஆகவே பஸ் காசைப் பார்க்க வேண்டாம்.

தங்கிச் சிகிச்சை எப்போது

ஐஸோ தூளோ சேர்ந்திருந்தால், கிளினிக் முறையைச் சரியாக முயன்றும் திரும்பத் திரும்ப விழுந்தால், வீட்டிலேயே வேறொருவர் விற்பவராகவோ குடிப்பவராகவோ இருந்தால், தங்கிச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். மனக்குழப்பம் வந்தவருக்குத் தேவை ஆஸ்பத்திரி வார்ட். புனர்வாழ்வு நிலையம் அதற்குரிய இடமில்லை.

அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் சொந்த நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலிப் பக்கங்களில் இருக்கின்றன. விரும்பி வருபவர்களுக்கானவை. எல்லாம் கிழக்குக்கு வெளியே என்பதால், தமிழ் உளவளத்துணையாளர் இருக்கிறாரா, இடம் எப்போது கிடைக்கும் என்று 1927 இல் கேட்டபிறகே பயணத்தைத் தீர்மானியுங்கள். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். வைத்தியர் எந்தக் கிழமை வருகிறார், வீட்டார் எப்போது பார்க்கலாம், அடி உண்டா என்று நேராகக் கேளுங்கள். சங்கிலி போட்டால்தான் திருந்துவான் என்று பெருமையாகச் சொல்லும் இடத்துக்குப் பிள்ளையைக் கொடுக்காதீர்கள், அது எந்தக் கடவுளின் பெயரில் நடந்தாலும்.

கந்தக்காடு பொலன்னறுவை மாவட்டத்தில், நம் எல்லையைத் தாண்டியதும் இருக்கிறது. அது புனர்வாழ்வுப் பணியகத்தின் இடம். பொலிஸில் பிடிபட்டு, அரசாங்க வைத்தியர் பார்த்து, நீதவானின் கட்டளையால் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பும் வழி அந்த 2007 சட்டத்தில்தான் உண்டு. தாங்களாகவே ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். "வராட்டி கந்தக்காட்டுக்கு அனுப்புவன்" என்று வெருட்டுவது, எல்லா வைத்தியத்தையும் ஒரே சிறையாக அவன் மனதில் பதித்துவிடும்.

விரதம், வேளாண்மை, கூட்டாளி

ஐயப்பன் மாலை போட்ட 41 நாளும் தொடாதவரை நம் ஊரில் காணலாம். நோன்பில் பகல் முழுக்க விட்டவர், கண்ணகியம்மன் சடங்குக்குக் காப்புக் கட்டியதும் நிறுத்தியவர் எல்லாரும் உண்டு. இதைச் சிறிதாக எண்ணாதீர்கள். 41 நாள் என்றால் உடம்பின் கடினமான பகுதி முழுவதும் கழிந்துவிட்டது. மாலை கழற்றிய மறுநாள் என்ன செய்வது என்ற திட்டம் இல்லாததுதான் குறை. ஆகவே மாலை கழற்றும் வாரத்துக்கே கிளினிக் திகதி எடுத்து வையுங்கள். நோன்பு காலத்தில் தொடங்குபவர் இப்தாருக்குப் பிறகான நேரத்தையும் பெருநாள் இரவையும் முன்கூட்டியே வைத்தியரோடு கதைக்கட்டும். ஆடியில் உகந்தையால் கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடப்பவர், கூட வரும் எல்லாரும் சாமி கும்பிட மட்டும் வருவதில்லை என்பதை யோசித்துச் சேரட்டும். யாருடைய கையிலாவது சிலும்பி இருந்தால் வேறு கூட்டத்தோடு நடக்கலாம்.

வேளாண்மைக்காரருக்குப் பெரும்போகத்துக் காவல் மாதங்கள்தான் சோதனை. வாடிக்குத் தனியாகப் போகாமல், குடிக்காத ஒருவரோடு முறை மாற்றிப் போகலாம். ஒரு போகம் காவலைக் கூலிக்குக் கொடுப்பதும் குடும்பத்துக்கு நட்டமில்லை, வாரம் வாரம் போன கஞ்சாக் காசைக் கணக்கிட்டால் தெரியும்.

கூட்டாளிகளை முற்றாக வெட்டு என்று சொல்வது சுலபம். ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்களை எங்கே வெட்டுவது? கூட்டத்தில் ஒருவனிடம் மட்டும், கொஞ்சம் பொறுப்பானவனிடம், "நான் கிளினிக் போறன் மச்சான், எனக்கு நீட்டாத" என்று சொல்லிவிட்டால் அவனே மற்றவர்களைத் தடுப்பான். சிலர் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருவர் பிறகு தனியாக வந்து கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்பதும் உண்டு.

ஒரு நாள் இழுத்துவிட்டால் அடுத்த கிளினிக் வரை ஒளிக்கவேண்டாம். எந்த நேரம், யாரோடு, முதல் நாள் நித்திரை எப்படி என்று குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். திகதியைத் தவறவிட்டிருந்தால் கொப்பியோடு அடுத்த கிளினிக் நாளில் போய் நில்லுங்கள்.

மனநோய் மருந்து எடுப்பவர்களுக்கு

குரல் கேட்டதற்காக மருந்து தொடங்கியவர், கஞ்சாவை விட்டதும் மருந்தையும் தானாக நிறுத்தக்கூடாது. எவ்வளவு காலம் என்பதை வைத்தியர் சொல்வார். குளோசபின் அல்லது ஒலன்சபின் எடுப்பவருக்கு இன்னொன்று. புகை இந்த மருந்துகளை உடம்பில் வேகமாகக் கரைக்கும். சிகரெட்டையும் கஞ்சாவையும் ஒன்றாக நிறுத்தினால் அதே அளவு குளிசை இரத்தத்தில் கூடுதலாக நிற்கும், கடும் தூக்கமும் தள்ளாட்டமும் வரலாம். குளோசபினில் இது ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே நிறுத்தப்போகும் நாளை முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டுமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.